நாளுக்கு நடுவே ஒரு சந்து

தேரிமுனை மணிக்கூண்டிலிருந்த கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போனவர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவரவே இல்லை. போன இடத்தில் அது கல்யாணம் முடித்துப் பிள்ளைகுட்டியோடு இருக்கிறது என்று டீக்கடை மாசானம் சொல்வார், அதை நம்புகிறவர்களும் ஊரில் இருந்தார்கள். கடிகாரம் இருந்த இடத்தில் ஒரு சதுரச் சட்டம் மட்டும் மிஞ்சியது, அதில் புறாக்கள் குடியேறின, புறாவைப் பார்த்து மணி சொல்ல முடியாது என்பதால் ஆளுக்கொரு நேரத்தில் கடை திறந்து ஆளுக்கொரு நேரத்தில் சோறு தின்று ஊர் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இது பொறுக்காதவர் ஒருவர்தான். வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஆறுமுகநயினார். பெயின்ட் கடைக்காரர், எதையும் அளந்து, கலக்கி, மூடி போட்டு வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். புதுக் கடிகாரம் என்றதும் சங்கத்தில் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்ததால், அதே சட்டத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பலகையை மாட்டி, அதில் ஊரின் ஒரு நாளை வட்டமாகப் போட்டு, எந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கூறு கூறாகக் காட்டிவிடுவது என்று அவராகவே முடிவெடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிசைன் கடை வைத்திருந்த பிரம்மசக்தியிடம் வந்தார்.

"ஏ சக்தி, ஒரு வட்டம் போட்டு அதை அப்பளத்தை ஒடிக்க மாதிரி ஒடிக்கணும். ஆனா ஒரு துண்டும் கீழ விழுந்திரக்கூடாது."

"விழாது அண்ணாச்சி. என்னென்ன துண்டு?"

"விடியல், கடைநேரம், உச்சி, பள்ளிக்கூடம் விடுத நேரம், அந்தி, ராத்திரி. ராத்திரி பெருசா கிடக்கட்டும். பொறத்தால சங்கத்து மஞ்சள் கலரு. என் போட்டோ எல்லாம் வேண்டாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓரத்துல சின்னதா ஒண்ணு கிடந்தாக் கிடக்கட்டும்" என்றார்.

பிரம்மசக்திக்கு அந்த ஆறு துண்டுகளையும் கேட்டபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது. அவளுடைய புருஷன் லிங்கதுரை கால்வாய்க்கு அந்தப்பக்கம் இருந்த ஐஸ் பேக்டரியில் ராத்திரி வேலை பார்த்தான். அந்தி சாயும்போது போவான். விடிந்து படகுகளுக்கெல்லாம் ஐஸ் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். அதற்குள் இவள் கடைக்குப் போயிருப்பாள். ஊரில் சாவெல்லாம் ஏனோ ராத்திரியில்தான் விழும், கண்ணீர் அஞ்சலிப் பலகையோ விடிந்ததும் தெருமுனையில் நிற்க வேண்டும், ஆகவே அவள் கடை சேவலோடு சேர்ந்து திறக்கும். சாயங்காலம் அடைக்கலாமென்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் வேலையெல்லாம் முடித்துவிட்டு அப்போதுதான் சாவகாசமாக வந்து உட்காருவார்கள். இப்படியாக அவன் ராத்திரித் துண்டிலும் அவள் பகல் துண்டுகளிலும் குடித்தனம் நடத்தினார்கள். தினமும் அவன் பேக்டரியிலிருந்து கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸ்கட்டி ஒன்றை உமியில் பொதிந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அவளுக்கென்று மண்பானையில் போட்டு வைப்பான்; அவள் வந்து மூடியைத் திறக்கும்போது பானையில் தண்ணீர்தான் இருக்கும். சில நாள் ஜில்லென்று, பல நாள் அதுவும் இல்லாமல். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்து வந்தாள். அவன் கொண்டுவந்த ஐஸை ஐஸாக ஒருநாளும் பார்த்ததில்லை.

இதற்குமேல் இப்போது வேராவல் வேறு வந்து சேர்ந்திருந்தது. குஜராத் பக்கம் வேராவலில் இங்குள்ள பேக்டரி முதலாளியின் மச்சான் பெரிய ஐஸ் பேக்டரி வைத்திருந்தார், அங்கே மேஸ்திரியாக வரச்சொல்லி லிங்கதுரையைக் கூப்பிட்டிருந்தார், பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சேதியே அவளுக்கு மாசானம் மூலமாகத்தான் வந்தது. போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும், அல்லது போங்கள் என்றாவது சொல்ல வேண்டும், எதைச் சொல்லவும் ஆளை நேரில் பார்க்க வேண்டுமே. பேக்டரி இரைச்சலில் போன் கேட்காது. பகலில் தூங்குகிறவனை எழுப்ப மனசு வராது. எழுப்பிப் போகப்போகிறீர்களா என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் சரி என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தப் பயத்தோடுதான் அவள் வட்டம் போட உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோணாமல் கோட்டாமல் முழு வட்டம் வரும். அதன் நடுவிலிருந்து விளிம்பு தாண்டும்வரை ஒல்லியாக ஒரு செவ்வகம், அதையே காப்பி எடுத்து மையத்தில் ஊன்றித் திருப்பி அங்கங்கே வேண்டிய இடத்தில் நிறுத்தினால் வட்டம் துண்டு துண்டாகத் தெரியும். ஊரில் மற்ற டிசைன்காரர்கள் இத்தோடு அந்தச் செவ்வகங்களுக்கு வெள்ளையடித்து, மேலாக அப்பிவிட்டு, வெட்டியதுபோலக் காட்டி அனுப்பிவிடுவார்கள். பிரம்மசக்திக்கு அது ஆகாது. பின்னால் மஞ்சள் இருக்கும்போது நடுவில் வெள்ளைக்கோடு ஓடினால் மீன்முள் மாதிரி இருக்கும் என்பது ஒரு காரணம்; வெட்டாததை வெட்டியதாகக் காட்டுவது பொய் என்பது இன்னொரு காரணம். அவள் செவ்வகங்களை எல்லாம் சேர்த்துப் பிடித்து டிரிம் கொடுத்து, வட்டத்தை நிஜமாகவே வெட்டினாள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே பின்னாலிருந்த மஞ்சள் எட்டிப் பார்த்தது. அழகாகத்தான் இருந்தது. செயலாளரும் தலையாட்டினார். புறாக்களைக் கும்பிட்டு அனுப்பிவிட்டுப் பலகையை மணிக்கூண்டில் மாட்டினார்கள்.

கடிகாரம் இருந்த இடத்தில் மாட்டியதால், ஊரின் நேரம் அன்றிலிருந்து பலகையின்படி நடந்தது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் பின்னால் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். மறுநாள் ராத்திரி முடிந்ததும் விடியல் வரவில்லை. நடுவே ஒரு சந்து வந்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்குமே, ஒருவர் தோள் இடித்துக்கொண்டு போகிற மாதிரி, அந்தமாதிரி ஒரு சந்து. வானமும் தெருவும் சுவரும் ஆட்களின் முகமும் சங்கத்து மஞ்சளில் தோய்ந்து நின்றன. மாசானத்தின் அடுப்பில் தீ வரைந்து வைத்ததுபோல அசையாமல் நின்றது, பால் பொங்கவும் இல்லை அடங்கவும் இல்லை, கால்வாய்த் தண்ணீர் ஓடாமல் நின்றது, கோயில் மணியை ஆட்டினால் ஆடியது, ஒலிக்கவில்லை. ஆட்கள் மட்டும் நடக்கலாம், பேசலாம், சிரிக்கலாம். பிறகு சந்து முடிந்து விடியல் வந்தது, பால் பொங்கி வழிந்தது, மாசானம் துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். விடியலுக்கும் கடைநேரத்துக்கும் நடுவில் இன்னொரு சந்து. கடைநேரத்துக்கும் உச்சிக்கும் நடுவில் இன்னொன்று.

முதலில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்தார்கள். தையல்காரர் சந்துக்குள் ரவிக்கை தைக்கப் பார்த்து ஊசி துணிக்குள் இறங்காமல் திகைத்தார். படிக்கிற பிள்ளைகள் பேனா எழுதவில்லை என்று உதறிப் பார்த்தார்கள், பிறகு எழுதவில்லை என்பதில் சந்தோஷப்பட்டார்கள். சந்துக்குள் எந்த வேலையும் ஓடாது, பேச்சு மட்டும்தான் ஓடும் என்பது ஊருக்கு விளங்க அதிக நாள் ஆகவில்லை. விளங்கியபின் இதற்கு முன் எப்படி இருந்தோம் என்பதே மறந்துபோனது. சந்து விழப்போகிறது என்றால் மாசானம் முன்கூட்டியே டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிடுவார். சந்து முடியும்வரை அது ஆறாது, கூடுதல் சூடாகவும் ஆகாது, கொடுத்த பதத்திலேயே நிற்கும், ஊதி ஊதிக் குடிக்கும் அவசியம் இல்லாததால் பேச்சு நீண்டது. மணியும் ஒலிக்காமல் மைக்கும் வேலை செய்யாமல் கோயில் குருக்களும் பள்ளிவாசல் மோதினாரும் மாதாகோயில் சாமியாரும் மணிக்கூண்டடியில் வந்து நின்று புறா வளர்ப்பதைப் பற்றிப் பேசினார்கள். மூவருக்குமே அதில் இத்தனை ஞானம் இருப்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, இந்த நேரத்துக்கு ராகுவும் கிடையாது எமகண்டமும் கிடையாது, குளிகையும் கிடையாது என்று சொல்லிவிட்டதால் பெண் கேட்கிறவர்கள் எல்லாம் சந்து பார்த்துக் கிளம்பினார்கள். மாமியாரும் மருமகளும் சண்டையைப் பாதியில் நிறுத்திச் சந்தில் வேறு விஷயம் பேசிவிட்டு, முடிந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்கள். வெளியூர் பஸ் எதுவும் சந்தில் மாட்டிக்கொண்டதில்லை; எல்லைக்கு வந்து சேரும்போது சந்து முடிந்திருக்கும், எல்லோரும் ஏன் இப்படிச் சிரித்த முகத்தோடு நிற்கிறார்கள் என்று டிரைவர்கள் மட்டும் கேட்டார்கள்.

பிரம்மசக்திக்கு வேண்டியது ராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில் விழுந்த முதல் சந்துதான். மஞ்சள் படிந்த அந்த முதல் நாளே அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேக்டரியைப் பார்த்து ஓடினாள். மெஷின் நின்றுபோன அமைதியில் கையில் வேலை இல்லாமல் நின்ற லிங்கதுரையும் அதே யோசனையோடு வீட்டைப் பார்த்து ஓடி வந்தான். கால்வாய்ப் பாலத்தில் இருவரும் மூச்சிரைக்க எதிரெதிரே வந்து நின்றார்கள்.

"இளைச்சிட்டீய" என்றாள் அவள்.

"நீ முடிய வெட்டிட்டியா?"

"போன வருசம் வெட்டுனது."

அதற்குள் சந்து முடிந்துவிட்டது. கால்வாய் ஓடத் தொடங்கியது, பேக்டரி இரையத் தொடங்கியது, இருவரும் வந்த வழியே ஓடினார்கள். மறுநாள் அவன் பாலத்துக்கு வரும்போதே பேசிக்கொண்டு வந்தான்: "வேராவல்ல என்ன சொல்லுதாவன்னா..." அத்தோடு முடிந்தது. அதற்கடுத்த நாள் அவள், "என்ன சொல்லுதாவ?" என்றாள். "மேஸ்திரி வேலை. தனியா ரூம்..." முடிந்தது. தொடர்கதை மாதிரி நடந்த இந்தப் பேச்சில் ஒருநாள் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இங்க இருந்தும் உன்னைப் பார்க்க முடியல, அங்க போனாலும் பார்க்கப் போறதில்ல. அங்கன்னா போன்லயாவது உன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கலாம்லா?" என்றான். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். கால்வாய் சலசலவென்று ஓடத் தொடங்கிவிட்டது.

அன்றைக்கே ஊரும் அவள் கடை வாசலில் வந்து நின்றது. "சந்தைக் கொஞ்சம் பெருசாக்கித் தாயேன். ஒரு பேச்சையும் உருப்படியாப் பேசி முடிக்க முடியல" என்றார் மாசானம். பெண் பேசப் போனவர்கள் பாதியில் திரும்பிய கதையைச் சொன்னார்கள். குருக்களும் மோதினாரும்கூட ஒதுங்கி நின்று தலையாட்டினார்கள். செயலாளர் ஊரில் இல்லை, பெயின்ட் எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். பிரம்மசக்தி இரண்டாம் தடவை கேட்கவைக்கவில்லை. ஃபைலைத் திறந்து ஒவ்வொரு துண்டாகப் பிடித்து மையத்திலிருந்து வெளியே இழுத்தாள். ஊருக்காக எல்லாச் சந்தையும் கொஞ்சம் அகலமாக்கினாள், தனக்காக ராத்திரி முடிகிற அந்த முதல் சந்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினாள். இழுத்த இழுப்பில் ராத்திரித் துண்டின் ஓரம் பக்கத்தின் விளிம்பைத் தாண்டிப் போயிற்று. அச்சில் அந்த ஓரம் வராது. அவளுக்கு அது தெரிந்தேதான் இருந்தது. இருட்டில் ஒரு ஓரம் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

புதுப் பலகை மாட்டியபின் பாலத்தில் அவர்கள் இருவரும் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பேசினார்கள். யார் யார் செத்தார்கள், யாருக்கு என்ன பலகை அடித்தாள், படகுக்காரர் ஒருவர் எப்படி ஐஸுக்கு நடுவில் செருப்பை விட்டுவிட்டுத் தேடினார், வீட்டுக் கொல்லையில் அவன் வைத்த முருங்கை அவளுக்குத் தெரியாமலே எப்படிக் காய்த்தது, எல்லாம் பேசினார்கள். போகாதீர்கள் என்று அவளும் சொல்லியே விட்டாள். "நாளைக்குச் சொல்லுதேன்" என்றான் அவன், சிரித்துக்கொண்டு. சொல்லப்போவது என்ன என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டதால் அவள் கடைக்குப் பாடிக்கொண்டே போனாள்.

ஆனால் வெட்டுப்பட்ட ராத்திரி தன் வேலையைக் காட்டிவிட்டது. படுத்து ஒருக்களித்துத் திரும்புவதற்குள் சேவல் கூவியது. ஊர் கொட்டாவி விட்டது. தூக்கத்தில் கடைக்காரர்கள் சர்க்கரை கேட்டவனுக்கு உப்பு கட்டினார்கள், உப்பு கேட்டவன் அதைப் பார்க்காமலே சர்க்கரையோடு வீட்டுக்குப் போனான். இதையெல்லாம்கூட ஊர் சிரித்துச் சமாளித்திருக்கும். ஐஸ் பேக்டரியில் ஐஸ் உறையவில்லை. உறைவதற்கு ஒரு முழு ராத்திரி வேண்டும், அது இல்லை. அச்சிலிருந்து வெளியே எடுத்தால் மேலே தோல், உள்ளே தண்ணீர். படகுகள் கரையிலேயே நின்றன. முதலாளி சங்கத்தில் வந்து மேசையைத் தட்டினார்: "இந்த வாரத்துக்குள்ள ராத்திரி முழுசா வரலைன்னா நான் மெஷினைக் கழட்டி வேராவல்ல மச்சான்கிட்ட கொண்டு போயிருவேன். ஆளுகளும் எங்கூடத்தான்."

அன்று பாலத்தில் லிங்கதுரை நாளைக்குச் சொல்கிறேன் என்றதைச் சொல்லவில்லை. "பேக்டரியே போகுதுன்னா நான் இங்கன என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டான். தான் இழுத்த இழுப்புதான் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகப்போகிறது என்று அவளுக்கு உறைத்தது. அவனிடம் அதை மறைக்காமல் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள், அவனோ, "எனக்காவ இழுத்தியா?" என்று கேட்டுவிட்டு, காது சிவக்கக் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதுரையிலிருந்து திரும்பிய ஆறுமுகநயினார் சங்கத்தைக் கூட்டி, சந்தாலே ஊர் கெட்டது, வியாபாரம் கெட்டது, ராத்திரியும் கெட்டது, எல்லாத் துண்டையும் பழையபடி சேர்த்து ஒட்டி, மயிரிழை இடைவெளி இல்லாமல் புதுப் பலகை அடிக்க வேண்டும், இல்லையென்றால் சட்டத்தைப் புறாக்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார். மாசானம்கூடத் தூக்கக் கலக்கத்தில் கை தூக்கிவிட்டார். செயலாளர் நேரே பிரம்மசக்தி கடைக்கு வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என் கண்ணு முன்னால செய்யி."

அவள் செய்தாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். வெட்டியபோது அரிபட்டுப் போன ஓரங்களையும் வளர்த்துவிட்டாள். ராத்திரி முழுதாகப் பக்கத்துக்குள் வந்தது. விடியல் ராத்திரியோடு ஒட்டியது, கடைநேரம் விடியலோடு ஒட்டியது, மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றாக மறைய மறைய அவளுக்குப் பாலமே கண்முன்னால் இடிந்து விழுவதுபோல இருந்தது. செயலாளர் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாகத் தடவிப் பார்த்தார். எங்கேயும் சந்து இல்லை. ஆறு துண்டுகளும் விளிம்பில் அகன்று உள்ளே வரவரக் கூராகி நடுவில் ஒரே புள்ளியில் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நின்றன. அவள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரியும் கடைநேரமும் நடுவே விடியல் புகுந்து பிரித்த துண்டுகள், விளிம்பில் ஒன்றையொன்று பார்க்கக்கூட முடியாது. அந்த இடத்தில் மட்டும் அவையும் தொட்டுக்கொள்கின்றன.

மறுபடியும் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு சின்னதாக ஒரு வட்டம் இழுத்தாள். பெரிய வட்டத்தின் நடுவில் அதைக் கொண்டுபோய் வைத்து டிரிம் கொடுத்தாள். ஆறு மூக்கும் போயின. நடுவில் உளுந்தவடை ஓட்டை மாதிரி வட்டமாக மஞ்சள் தெரிந்தது.

"இதென்ன ஓட்டை?" என்றார் செயலாளர்.

"நீங்க சந்துதானே வேண்டாம்னீய அண்ணாச்சி. துண்டெல்லாம் ஒட்டித்தான் இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மீசையைத் தடவினார். "அளவெடுத்த மாதிரி இருக்கே. அந்த ஓரத்துல கிடக்க என் போட்டோவ எடுத்து இதுக்குள்ள வையி."

பிரம்மசக்தி மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போர்டுக்கு ஆர்டர் கொடுத்தவரின் போட்டோவை வைக்க மாட்டேன் என்று சொன்ன டிசைன்காரர் அந்த ஜில்லாவிலேயே கிடையாது. எடுத்து வைத்தாள். ஓட்டை முழுக்க ஆறுமுகநயினாரின் முகம் நிறைந்தது. ஆறு துண்டுகளும் மாலை போட்டதுபோல அவரைச் சுற்றி நின்றன. அவர் பூரித்துப்போனார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காதீய" என்றாள் அவள். "வெட்டுன இடத்துல பின்னால என்ன தெரிஞ்சிதோ, அதுதான் ஊருக்குள்ள வந்துது. மஞ்சள் தெரிஞ்சிது, மஞ்சள் வந்துது. இப்பம் நடுவுல உங்களை வச்சா, ஊர்ல எல்லாரும் உங்க மூஞ்சிக்குள்ளதான் வந்து நிப்பாவ. எந்நேரமும். மாசானம் வெத்தலையோட வருவாரு."

செயலாளர் தன் கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எங்கன துப்புவான்?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"எடுத்திரு, எடுத்திரு. ஓரத்துலயும் வேண்டாம்." கொஞ்ச நேரம் மஞ்சள் வட்டத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எல்லாரும் வந்து நிப்பாவன்னியே, அப்பம் இதுவும் சந்துதானா?" என்று கேட்டார்.

"சந்து இல்ல அண்ணாச்சி. முற்றம். வீட்டு அறையெல்லாம் ஒட்டித்தான் இருக்கும். நடுவுல முற்றம் இருந்தா எந்த அறையில இருந்தும் இறங்கிக்கிடலாம். யாரு அறையும் குறையாது."

செயலாளரின் கடையில் நாள் முழுவதும் அவரோடு பேசுகிறவர்கள் எல்லாம் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், பிரஷ் என்றுதான் பேசுவார்கள். சந்து இருந்த நாட்களில்தான் ஒன்றும் வாங்க வராத மனிதர்கள் அவரை நிறுத்தி, சாப்பிட்டாச்சா அண்ணாச்சி என்று கேட்டார்கள். மோதினார் ஒரு கர்ணப்புறாக் குஞ்சு தருவதாகச் சொல்லியிருந்தார், எப்போது என்று கேட்பதற்குள் சந்து முடிந்திருந்தது. சங்கத்தில் மேசையைத் தட்டிப் பேசும்போதுகூட அந்தக் குஞ்சு ஞாபகம் அவரை உறுத்தத்தான் செய்தது. ஸ்டூலிலிருந்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "சங்கத்துல நான் ஒண்ணும் சொல்லல. நீயும் வாயத் திறக்காத. அச்சுக்குக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பலகை மாட்டிய மறுநாள் ராத்திரி முழுசாக வந்தது. ஊர் அயர்ந்து தூங்கியது. பேக்டரியில் ஐஸ் அடிவரைக்கும் உறைந்தது என்று விடியலிலேயே சேதி வந்துவிட்டது. ஆனால் சந்து விழவில்லை. ராத்திரியின் முதுகிலேயே விடியல் ஏறிக்கொண்டு வந்தது, விடியல் முடிந்த நொடியிலேயே கடைநேரம் வந்தது, டீயை ஆற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் அது ஆறிப்போனதும் வாய் பேசாமல் வேலைக்குப் போனார்கள். பிரம்மசக்தி பாலம்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வந்தாள். கால்வாய் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வரவில்லை, வரவும் முடியாது. கடையில் காதுகுத்து போர்டு அடிக்க ஒருவர் வந்து, தாய்மாமன்மார் பதினோரு பேருடைய போட்டோவையும் ஒரே அளவில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விருந்தில் தலை உருளும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவள் மாமன்மாரை ஒவ்வொருவராக வட்டத்துக்குள் நறுக்கி வைத்தாள். ஐந்தாவது மாமனோடு அவளுக்கு அலுத்துவிட்டது. அடுத்த மாமனிடம் போகாமல் மவுஸிலிருந்து கையை எடுத்து, நாற்காலியில் சாய்ந்து, பலகையின் நடுவிலிருந்த அந்த மஞ்சள் வட்டத்தை நினைத்து, மனசை ஒரு அடி அதற்குள்ளே வைத்தாள்.

மஞ்சளாக இருந்தது. மணிக்கூண்டடியில் வட்டமாக ஒரு முற்றம், சுற்றிலும் ஆறு வாசல். விடியல் வாசலிலிருந்து மாசானம் கையில் டீயோடு இறங்கி நின்றார், அது ஆறவில்லை என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலிருந்து பிள்ளைகள் பையோடு ஓடிவந்தார்கள். அந்தியிலிருந்து குருக்கள் தீபாராதனைத் தட்டோடும், உச்சித் தூக்கத்திலிருந்து ஆறுமுகநயினார் தோளில் துண்டோடும் இறங்கினார்கள். செயலாளர் யாரையும் பார்க்காததுபோல நேரே மோதினாரிடம் போய்க் குஞ்சைப் பற்றி விசாரித்தார். நாளெல்லாம் ஒரே நேரத்தில் அங்கே நின்று சளசளவென்று பேசிக்கொண்டிருந்தது. ராத்திரி வாசலிலிருந்து, காதுவரை மப்ளர் சுற்றி, கம்பளிச் சட்டை போட்டு, வாயில் புகை விட்டுக்கொண்டு லிங்கதுரை இறங்கி வந்தான். அது போன ராத்திரியா வரப்போகிற ராத்திரியா என்று கேட்கிறவர்கள் வட்டத்தில் முன் எது பின் எது என்று முதலில் காட்டிவிட்டுக் கேட்கட்டும். அவன் கையில் ஒரு சாக்குப்பொட்டலம் இருந்தது.

"நடுவுல வெட்டுனியா?" என்றான்.

"வெட்டுனேன்." அவளுக்குக் கண் நிறைந்தது. "வேராவலுக்கு என்ன சொன்னீய?"

"முதலாளி மெஷினைக் கழட்டல. மச்சானுக்குப் போன் போட்டு வரலன்னுட்டேன். ஏன்டான்னு கேட்டாவ. வீட்டுக்கு ஐஸ் கொண்டு போவணும்னேன்."

சாக்கைப் பிரித்து, உமியை ஊதிவிட்டு, உள்ளங்கை அளவு ஐஸ்கட்டியை எடுத்து அவள் கையில் வைத்தான். தெளிந்து இருந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு சின்ன மூச்சு உறைந்து நின்றது. முற்றத்தில் எந்த வேலையும் நடக்காது என்பதால் அது கரையவும் இல்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், அதன் வழியாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இதுதான் தினம் கொண்டாறது" என்றான் அவன், கொஞ்சம் வெட்கத்தோடு. "நீ பார்க்கணும்னுதான்."

"இவ்வளவு பெருசா?" என்றாள் அவள். கூட்டத்தில் இடம் பார்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். பேச வேண்டியது மலைபோலக் கிடந்தது, அவசரம்தான் இல்லை. ஆகவே கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக ஒருவர் பக்கத்தில் ஒருவர் பேசாமல் இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது கடையில் அதே நொடி நின்றிருந்தது. காதுகுத்துக்காரர் ஆறாவது மாமனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசப் பேச, பிரம்மசக்தியின் கையில் ஐஸ் கரைந்து மேசைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"என்னக்கா, கையெல்லாம் ஈரம்?" என்றார் அவர்.

அவள் மிச்சமிருந்த ஐஸை வாயில் போட்டுக்கொண்டாள். பல் கூசியது, கன்னம் ஒருபக்கம் உப்பியது, அது முழுசாகக் கரையும்வரை அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஆறாவது மாமன் அதுவரை காத்திருந்தார்.